புது சர்வருக்கு ரெய்டு கார்டு வாங்குவதா, வெறும் எச்பிஏ போதுமா?

கேபிள்கட்டு:
புது சர்வர் ஒன்று அமைக்க வேண்டும், லினக்ஸ்தான். 4 டிபி ஹார்டு டிஸ்க் ஆறு, அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் ஆபீஸ் ஃபைல்களும் இருக்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா போகாதபடி டிஸ்குகளைச் சேர்ப்பதுதான் ரெய்டு; அதைத் தானே செய்யும், கேஷ் (தற்காலிக மெமரி) உள்ள மெகாரெய்டு 9361-8ஐ கார்டு வாங்குவதா, 9300-8ஐ மாதிரி டிஸ்கை இணைக்க மட்டும் செய்யும் எச்பிஏ போட்டு, ரெய்டு வேலையை லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டான எம்டிஏடிஎம்மிடம் விட்டுவிடுவதா? மதர்போர்டிலேயே ரெய்டு இருக்கிறதே, தனிக் கார்டு எதற்கு என்றும் கேட்கிறார்கள். ஒரு டிஸ்க் அளவு மட்டும் பாதுகாப்புக்குப் போய், இடம் அதிகம் கிடைக்கும் என்பதால் ரெய்டு 5 போடலாம் என்றிருக்கிறேன்.

இரவுஷிஃப்ட்:
கார்டை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த ரெய்டு 5 வேண்டாம். ஒரு டிஸ்க் போனால், புதியதை நிரப்ப மீதி ஐந்தையும், அதாவது 20 டிபியையும் முழுக்கப் படித்தாக வேண்டும். பல மணி நேரம் ஆகும், அதற்குள் இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. எழுதும் வேகமும் அடிவாங்கும். ஒரு சின்ன மாற்றத்துக்குப் பழைய டேட்டா, பழைய பாரிட்டி (போன டிஸ்கை மீட்க வைக்கும் கணக்கு) இரண்டையும் படித்து, புதியது இரண்டையும் எழுத வேண்டும். எல்லாவற்றையும் இரட்டை நகலாக வைக்கும் ரெய்டு 10 என்றால் இரண்டு டிஸ்கில் எழுதினால் வேலை முடிந்தது. 12 டிபிதான் கிடைக்கும், பரவாயில்லை. மதர்போர்டு ரெய்டில் வேலை செய்வது சிபியூதான், அதற்கு எம்டிஏடிஎம் எவ்வளவோ மேல்.

நீலவிளக்கு:
ஹார்டு டிஸ்கில் டேட்டாபேஸ் என்றால் நான் கேஷ் கார்டு பக்கம்தான். ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை உறுதியாகச் சேமிப்பது) டிஸ்க் "எழுதிவிட்டேன்" என்று சொல்லும்வரை போஸ்ட்கிரெஸ் காத்திருக்கும். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுற்றவே 8.3 மில்லிசெகண்ட் ஆகிறது. ரைட்-பேக் கேஷ் இருந்தால், டேட்டா கார்டின் மெமரிக்குள் வந்ததுமே பதில் போய்விடும். ஆனால் கேஷ்வால்ட் கட்டாயம் வேண்டும். கரண்ட் போன அந்த நேரத்தில் கேஷில் இருப்பதை ஃபிளாஷுக்கு மாற்றுவது அதுதான், இந்தக் கார்டுக்கு அது தனியாக வாங்கும் பாகம். அது இல்லாமல் ரைட்-பேக்கை வலுக்கட்டாயமாகப் போட்டால், கரண்ட் போகும்போது டேட்டாபேஸ் கெட்டுப்போகும்.

பழையரேக்:
அந்தக் கேஷ் கார்டுக்குக் கொடுக்கும் காசில், பவர் லாஸ் பாதுகாப்பு உள்ள சர்வர் எஸ்எஸ்டி இரண்டு வாங்கி டேட்டாபேஸை அதில் மிரர் (இரண்டிலும் அதே நகல்) போடுங்கள், வேகம் அங்கேயே கிடைத்துவிடும். ஆறு ஹார்டு டிஸ்கும் ஃபைலுக்கு மட்டும் என்றால், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 போதும், 16 டிபி. எச்பிஏ செத்தால் டிஸ்குகளைக் கழற்றி வேறு எந்த லினக்ஸ் மெஷினில் மாட்டினாலும் எம்டிஏடிஎம் அடையாளம் கண்டுகொள்ளும். ரெய்டு கார்டு செத்தால் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். லினக்ஸுக்குப் பதில் ஈஎஸ்எக்ஸ்ஐ (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் சிஸ்டம்) என்றால் கதை வேறு, அதில் சாஃப்ட்வேர் ரெய்டே கிடையாது.

கேபிள்கட்டு:
லினக்ஸ்தான், மாறாது. அப்படியென்றால் எச்பிஏ, இரண்டு எஸ்எஸ்டி, மீதிக்கு ரெய்டு 6. கேபிள் பழையது இருக்கிறது, ஆகுமா?

பழையரேக்:
எஸ்எஃப்எஃப்-8087 முனை என்றால் சேராது, 9300-க்கு 8643 வேண்டும். கார்டின் ஹீட்சிங்க் மேல் நேராகக் காற்று படட்டும், கை வைக்க முடியாத அளவு சூடாகும். லைவுக்கு விடும் முன் ஓடும்போதே ஒரு டிஸ்கை உருவிப் பாருங்கள், எம்டிஏடிஎம் அலர்ட் மெயில் உங்களுக்கு வந்து சேருகிறதா என்று.