லைப்சிக் போறோம், ஞாயிறு திங்கள் ரெண்டு நாள் போதுமா?

பெர்லின்வாசி:
வணக்கம் மக்களே. பெர்லின் வந்து எட்டு மாசம் ஆச்சு. பொண்ணுக்கு 11 வயசு, பியானோ கத்துக்கறா, இப்பதான் பாக்னு (Bach) ஒரு பழைய ஜெர்மன் இசையமைப்பாளரோட சின்னச் சின்ன பீஸ் எல்லாம் வாசிக்க ஆரம்பிச்சிருக்கா, அவர் வேலை பார்த்த லைப்சிக் இங்கேருந்து ட்ரெயின்ல ஒன்றேகால் மணி நேரம்தான்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து எப்பப்பா போறோம்னு ஒரே நச்சரிப்பு. எனக்கு ஞாயிறு, திங்கள் லீவு. என்னென்ன பாக்கலாம்? மனைவிக்கு பெயின்டிங்ல ஆர்வம்.

எல்பே_கரை:
சகோ, முடிஞ்சா லீவை வெள்ளி சனிக்கு மாத்துங்க. திங்கக்கிழமை அங்க பாக் மியூசியம், ஆர்ட் மியூசியம் ரெண்டும் மூடியிருக்கும். அதைவிட முக்கியம், தாமஸ் சர்ச்ல வெள்ளி சாயங்காலம் 6 மணிக்கும் சனி மதியம் 3 மணிக்கும் பசங்க பாடுவாங்க, மோட்டெட்டேன்னு பேரு. 1212ல ஆரம்பிச்ச பாடகர் குழு அது, 1723லேர்ந்து 1750ல சாகற வரைக்கும் பாக்தான் அவங்களுக்கு வாத்தியார். டிக்கெட்னு பெருசா ஒண்ணும் இல்ல, வாசல்ல சில யூரோ குடுத்து நிகழ்ச்சித் தாள் வாங்கிட்டு உள்ள போகலாம், முக்கால் மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. நீங்க ஆல்டரைப் பாத்து உக்காந்திருப்பீங்க, பாட்டு பின்னாடி மாடத்துலேர்ந்து வரும், முன்னாடி தரையில பாக்கோட கல்லறை. நான் முதல் தடவை போனப்ப யார் பாடறாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்துட்டு அப்புறம் கண்ணை மூடிட்டேன், அப்பதான் சரியா கேட்டுது. ஒரு விஷயம், அது வழிபாடு, கச்சேரி இல்ல, அதனால கைதட்டாதீங்க. ஸ்கூல் லீவு நாள்ல இந்தப் பசங்க பாட மாட்டாங்க, தேதி பாத்துட்டு ட்ரெயின் புக் பண்ணுங்க.

வயலட்:
அண்ணா, பொண்ணு பியானோ வாசிக்கறான்னா கிராஸி மியூசியத்துல இருக்கற இசைக்கருவிப் பகுதியை விட்டுடாதீங்க. பியானோவைக் கண்டுபிடிச்ச கிறிஸ்டோஃபோரி 1726ல செஞ்ச பியானோ ஒண்ணு அங்க இருக்கு. அவர் செஞ்சதுல உலகத்துலயே மூணுதான் மிஞ்சியிருக்கு, மத்த ரெண்டும் நியூயார்க்லயும் ரோம்லயும். அப்புறம் இசையமைப்பாளர் மெண்டல்சன் வீடு. அவர் 1847ல இறந்தது அங்கதான், இப்ப மியூசியம். உள்ள ஒரு ரூம்ல ஆர்க்கெஸ்ட்ரா நடத்தறவர் மாதிரி குச்சியைக் கையில எடுத்து ஆட்டினா ஸ்பீக்கர்ல ஆர்க்கெஸ்ட்ரா நம்ம வேகத்துக்கு வாசிக்கும், என் பையனை அங்கேருந்து கூட்டிட்டு வரவே முடியல. தாமஸ் சர்ச் பக்கத்துல மெண்டல்சன் சிலை இருக்கு பாருங்க, 2008ல வெச்சது. பழைய சிலையை 1936ல நாஜிங்க தூக்கிட்டாங்க, அவர் யூதக் குடும்பத்துல பொறந்தவர்ங்கறதுக்காக. இதைப் பொண்ணுக்கும் சொல்லுங்க, 11 வயசுக்குப் புரியும்.

எல்பே_கரை:
மனைவிக்கு ஸ்பின்னெராய். 1884ல ஆரம்பிச்ச பஞ்சு மில், இப்ப முழுக்க கேலரியும் ஓவியர்களோட ஸ்டுடியோவுமா இருக்கு, பேர்போன ஓவியர் நியோ ரவுஹ் (Neo Rauch) ஸ்டுடியோகூட அங்கதான். ப்ளாக்விட்ஸ் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம். கேலரி எல்லாம் ஞாயித்துக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும், அதுக்கும் சனிதான் சரி. ஊர் நடுவுல இருக்கற ஆர்ட் மியூசியத்துல மாக்ஸ் க்ளிங்கர் செஞ்ச பீத்தோவன் சிலை இருக்கு, கலர் கலரா மார்பிள், வெண்கலம் எல்லாம் சேத்து செஞ்சது, சுத்தி வந்து பாக்கணும்.

நடைப்பயணி:
நிகோலாய் சர்ச்சுக்கும் போங்க. ஏசு பாடுபட்டு இறந்த கதையை பாட்டா சொல்ற பாக்கோட செயின்ட் ஜான் பேஷன் (Passion) 1724ல முதல்ல பாடினது அங்கதான். 1989 அக்டோபர் 9 அன்னிக்கு அங்க பிரார்த்தனை முடிச்சு வந்தவங்களோட ஊரே சேந்து சுமார் 70,000 பேர் அப்ப இருந்த கிழக்கு ஜெர்மனி அரசை எதிர்த்து மெழுகுவத்தியோட ரோட்ல நடந்தாங்க, ஒரு மாசத்துல பெர்லின் சுவர் திறந்துடுச்சு. நீங்க பெர்லின்லேர்ந்து போறீங்க, அதனாலதான் சொல்றேன்.

பெர்லின்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆபீஸ்ல பேசி வெள்ளி சனி லீவா மாத்திட்டேன். வெள்ளி 6 மணிக்கு ஒரு தடவை, சனி 3 மணிக்கு இன்னொரு தடவை, ரெண்டுமே கேக்கணும்னு பொண்ணு சொல்லிட்டா. அப்ப ஸ்பின்னெராய் சனி காலைல, சரிதானே?

எல்பே_கரை:
சரிதான் சகோ. 11 மணிக்கு மேல போங்க, ரெண்டு மணிக்கு சர்ச் வாசல்ல நிக்கற மாதிரி கிளம்பிடுங்க.