ஐந்து மணிக்குப் பிறகு ஒரே கூடம்

வேளச்சேரி அம்மா:
பேறுகால விடுப்பு 26 வாரமும் தீர்ந்ததும் மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டேன். சேர்க்கும்போது கைக்குழந்தைகளுக்கென்று தனி அறையைக் காட்டினார்கள். தொட்டில், பாய், செருப்பை வெளியே விடச் சொல்லும் பலகை, எல்லாம் இருந்தன. ஐந்து மணிக்கு ஓர் ஆயா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார், பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில்தான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் ஆறரைக்குப் போனேன். பள்ளிவிட்டு வந்த பையன்கள் கோலிக்குண்டு உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழு மாதத்து மகள் குப்புறக் கிடந்து, ஒரு குண்டை உள்ளங்கையால் அமுக்கி வைத்திருந்தாள். அடுத்து அது வாய்க்குத்தான் போகும். இருந்த ஒரே ஆயா வேறொரு குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். அவரைத் திட்ட மனம் வரவில்லை. பையன்களையும்தான், சாயங்காலம் விளையாடாமல் வேறென்ன செய்வார்கள்?

திருச்சியிலிருந்து ஒருவர்:
எங்கள் வீட்டில் ஒற்றைப் பிள்ளை. கைக்குழந்தையிடம் மெதுவாகப் பேச வேண்டும் என்பதையே காப்பகத்தில்தான் கற்றுக்கொண்டான். ஆயா ஊட்டினால் துப்புகிற ஒரு பாப்பா, இவன் எதிரே உட்கார்ந்து 'ஆ' காட்டினால் கேழ்வரகுக் கூழை முழுக்கச் சாப்பிடுமாம். ஆனால் யூகேஜியிலிருந்து கை, கால், வாய் நோயைக் கொண்டுவந்ததும் இவன்தான் என்று நினைக்கிறேன். அந்த வாரமே இரண்டு கைக்குழந்தைகளுக்குக் கொப்புளம். அந்தத் தாய்மார்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

முன்பு காப்பகத்தில் வேலை பார்த்தவள்:
50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் காப்பக வசதி வேண்டும் என்று 2017-இல் சட்டம் வந்தது. மறு ஆண்டு வந்த வழிகாட்டுதலில், மூன்று வயதுக்குக் குறைந்த பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர் என்று கணக்கு. எங்கள் பதிவேட்டில் அந்தக் கணக்கு காலையில் சரியாகவே இருக்கும். மாலையில் எண்ணுவார் இல்லை. நான் இருந்தவரை கூடத்துக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகையை நிறுத்திவிடுவேன். உருட்டுகிற, உதிர்கிற சாமான்கள் எல்லாம் அந்தப் பக்கம், மேசை மேல். காப்பகம் பார்க்கப் போகிறவர்கள் மாலை ஆறு மணிக்குப் போங்கள்.

வேளச்சேரி அம்மா:
பலகை வைக்கச் சொல்லிக் கேட்டேன். பெரிய பிள்ளைகள் தடுக்கி விழுவார்களாம். இப்போதைக்கு என் மாமியார் நாலே முக்காலுக்கே போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். கட்டணம் என்னவோ ஏழு மணி வரைக்கும்தான் கட்டுகிறேன்.