முளைகட்டின சிறுபயறு வழுவழுத்துப் போகுது, வழி சொல்லுங்க

இடம் நாகர்கோவில் பக்கம். சாலட்டுக்கு முளைகட்டுற சிறுபயறு மார்ச் கடைசியில இருந்தே கெட்டுப் போகுது. டிசம்பர், ஜனவரியில இதே முறையில நல்லா வந்துச்சு.

அளவு 200 கிராம். 8 மணி நேரம் ஊறவச்சு, தண்ணி வடிச்சு, ஈரத் துவர்த்துல (துண்டுல) கட்டித் தொங்கவிடுறேன். 12 மணி நேரத்துல அரை சென்டிமீட்டர் முளை வருது, அதுவரை பச்சை மணம்தான். 18 மணி நேரம் தாண்டினா மூட்டை நடுவுல கைவச்சா சூடு. ஒரு பயறை நசுக்கினா தோல் வழுக்கி நூல் மாதிரி இழுக்குது, புளிச்ச வாடை. ஓரத்துப் பயறு மட்டும் நல்லாத்தான் இருக்கு.

ஊறுறத 6 மணி நேரமாக் குறைச்சாச்சு. கொதிச்சு ஆறின தண்ணியில கழுவியாச்சு. துவர்த்தை வெந்நீர்ல அலசி வெயில்ல காயவச்சாச்சு. வடசேரியில புதுப் பயறும் வாங்கியாச்சு. அரை சென்டிமீட்டர்லயே ஃப்ரிட்ஜ்ல மூடிவச்சா, மறுநாள் மூடியில தண்ணி கோத்து அதே வழுவழுப்பு. 100 கிராம் போட்டா கொஞ்சம் தேவலை.

வாடை வந்ததைக் கழுவி வேகவைக்கச் சொல்லாதீங்க, பிள்ளைங்க சாப்பிடுறது. நல்லதையே 5 நிமிஷம் ஆவி காட்டித்தான் வெள்ளரிக்கா, மாங்கா, தேங்காத் துருவலோட கலக்குறேன்.

1 சென்டிமீட்டர் முளை வேணும்னா, இந்தப் புழுக்கத்துல மூட்டை கட்டாம ஓட்டைத் தட்டுல பரப்பி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருக்கா அலசணும்?