காந்தம் ஒட்டாத இரும்புச் சிலுவை: ஞாயிற்றுக்கிழமைக்குள்ள தெரியணும்

கார்த்தி_ப்ரெமன் | செவ்வாய், இரவு 10.42
வணக்கம். அவசரம், அதனால சுருக்கமா எழுதறேன். என்கிட்ட ஒரு ஜெர்மன் இரும்புச் சிலுவை இருக்கு. 1813ன்னு தெளிவா போட்டிருக்கு. நடுவுல இரும்பு, காந்தம் ஒட்டலைன்னா போலின்னு இணையத்துல எல்லாரும் எழுதறாங்க. என்னோடதுல ஒட்டலை. ஓரம் வேற மஞ்சளா தெரியுது. ஒரிஜினலா போலியா? கூடவே ரோஸ் பார்டர் போட்ட தோள்பட்டைப் பட்டி ஒண்ணு இருக்கு, அது என்னன்னும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள தெரிஞ்சாகணும். நன்றி.

செப்புக்காசு | இரவு 10.58
1813ஆ! கார்த்தி சார், அதைப் பத்திரமா வைங்க. பிரஷ்ய அரசர் மூன்றாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் நெப்போலியனை எதிர்க்கறதுக்காக 1813 மார்ச் 10ல ஆரம்பிச்ச விருது அது. வரைபடம் கட்டடக் கலைஞர் ஷின்கெலோடது. உங்க கையில இருக்கிறது முதல் வரிசைன்னா வீடு வாங்கலாம்.

சும்மா_வந்தேன் | இரவு 11.03
ரோஸ் பார்டர்னா மகளிர் படையா?

ஃபெல்ட்கிராவ் | இரவு 11.20
தேடல் பொத்தான்னு ஒண்ணு மேலே இருக்கு, யாரும் தொடறதில்லை. பத்து வருஷமா இதே கேள்விக்குப் பதில் எழுதிட்டிருக்கேன்.

செப்புக்காசு, தயவுசெய்து ஆசையைக் கிளப்பாதீங்க. 1813ங்கிற எண் 1813லயும் இருக்கும், 1870லயும் இருக்கும், 1914லயும் 1939லயும் இருக்கும். விருதைத் திரும்பத் திரும்ப உயிர்ப்பிச்சாங்க, ஒவ்வொரு தடவையும் பின்பக்கம் பழைய வருஷத்தை விட்டு வெச்சாங்க. பின்பக்கத்தை மட்டும் பார்த்துட்டு காலம் சொல்றவரை நான் சேகரிப்பாளர்னு சொல்ல மாட்டேன்.

கேட்டவருக்கு: முன்பக்கம் என்ன? 1813 இருக்கிற பக்கம் கிரீடம், எஃப்டபிள்யூங்கிற அரசர் பேரோட முதல் எழுத்துகள், ஓக் இலை இருக்கா, இல்லை வெறும் எண்ணா? ரிப்பன் என்ன நிறம்? வளையத்துல முத்திரை? ஊசியா, தொங்கறதா? எந்தக் காந்தம், எங்கே வெச்சீங்க? அளவு? படம்? "1813ன்னு இருக்கு"ன்னா டாக்டர்கிட்டப் போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொல்ற மாதிரி.

யாழ்_டோர்ட்முண்ட் | புதன், காலை 6.15
தம்பி, அவர் கொஞ்சம் கடுமையாத்தான் கதைப்பார், ஆனா கேட்ட கேள்வியள் சரி. காந்தத்தை ஓரத்திலை வைச்சா ஒட்டாது. ஓரச் சட்டம் வெள்ளி, நடு மட்டும்தான் இரும்பு. ரெண்டு வெள்ளிச் சட்டத்துக்கு நடுவிலை கறுப்பு இரும்பை வைச்சு, விளிம்பிலை பற்றவைச்சுச் செய்யிறது. அந்த ஒட்டுக் கோடு பக்கவாட்டிலை தெரியும், நகத்தாலை தடவிப் பாருங்கோ. ஒரே வார்ப்பெண்டா கோடு இராது.

ரசகுண்டு | காலை 9.40
காந்தம் ஒட்டலைன்னா போலின்னு யார் சொன்னது? கடற்படைக்குன்னே பித்தளை நடுப்பகுதி வெச்சுச் செஞ்சாங்க. நீர்மூழ்கிக் கப்பல்ல திசைகாட்டி கெட்டுப் போகக் கூடாதுன்னு. உப்புக் காத்துல துருவும் பிடிக்காது. இது ரொம்ப அபூர்வம்.

ஃபெல்ட்கிராவ் | காலை 9.52
வந்துட்டார். ரசகுண்டு, திசைகாட்டி கதையை இந்த வருஷம் மூணாவது தடவை படிக்கிறேன். கப்பல் முழுக்க எஃகு. நூற்றுக்கணக்கான டன் எஃகுக்கு அசையாத திசைகாட்டி, மாலுமியோட சட்டையில தொங்கற சின்னச் சிலுவைக்கு அசையுமா? பித்தளை நடு இருக்கிற சிலுவைகள் உண்டு, அதை நான் மறுக்கலை. அது கடற்படைக்குச் செஞ்சதுங்கிறதுக்கு ஓர் உத்தரவு, ஒரு பேப்பர் காட்டுங்க, ஒத்துக்கறேன். விக்கிறவன் சொன்ன கதை பேப்பர் இல்லை.

ரசகுண்டு | காலை 10.05
பேப்பர் எல்லாம் குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு சார்.

ஃபெல்ட்கிராவ் | காலை 10.07
எரிஞ்சது பிரஷ்ய ராணுவத்தோட பழைய ஆவணங்கள். 1945 ஏப்ரல்ல போட்ஸ்டாம்ல. முதல் உலகப் போர் பிரஷ்ய வீரரைத் தேடறவங்க இன்னைக்கும் அதனாலதான் கஷ்டப்படறாங்க. பவேரிய வீரர்னா ம்யூனிக் போர் ஆவணக் காப்பகத்துல கிடைக்கும். உங்க பித்தளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

கார்த்தி_ப்ரெமன் | மதியம் 1.30
எல்லாருக்கும் நன்றி. ஆபீஸ்ல இருக்கேன், ஞாபகத்துல இருக்கிறதைச் சொல்றேன். ஃப்ரிட்ஜ் காந்தம், நடுவுலதான் வெச்சேன். 1813 பக்கம் வெறும் எண், கீழ்க் கையில. கிரீடம் எல்லாம் இல்லை. முன்பக்கம் நடுவுல இலை, கீழே இன்னொரு எண். தோள்பட்டியில வெள்ளி நாடா U மாதிரி ஓடுது, ஒரு உலோக எழுத்தும் இருக்கு. நான் வாடகைக்கு இருக்கிற வீட்டோட ஓனர் பாட்டி, அவங்க அப்பா வெச்சிருந்தது இது. பாட்டி ஒரு பிஸ்கட் டப்பாவோட கொடுத்து என்னன்னு பாக்கச் சொன்னாங்க. ஞாயிறு அவங்களுக்கு 80. கண்ணாடி ஃப்ரேம் போட்டுக் கொடுக்கலாம்னு இருக்கேன்.

டப்பாவுல கழுகும் வளைஞ்ச சிலுவையும் போட்ட பேட்ஜ் ஒண்ணும் இருக்கு. படம் இங்க போடவா?

யாழ்_டோர்ட்முண்ட் | மதியம் 1.48
போடாதேங்கோ! தம்பி, நீங்க ஜெர்மனியிலை இருக்கிறீங்க. அது நாஜிச் சின்னம், பொதுவிலை காட்டத் தண்டனைச் சட்டம் 86அ தடை போடுது. வீட்டிலை வைச்சிருக்கிறது வேறை, பொதுவிலை காட்டுறது வேறை. சந்தையிலை விக்கிறவங்கள் அந்த இடத்திலை ஸ்டிக்கர் ஒட்டி வைச்சிருப்பாங்கள், கண்டிருப்பீங்க. ஆராய்ச்சி, கல்வி, கலை எண்டா விலக்கு இருக்கு, ஆனா அதை வழக்கறிஞரோடை நிண்டு விளங்கப்படுத்துற நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

சும்மா_வந்தேன் | மதியம் 2.10
அது நம்ம ஸ்வஸ்திக் தானே? எங்க கல்யாணப் பத்திரிகையிலேயே இருந்துச்சு. நேரா இருந்தா நம்மது, சாய்ஞ்சிருந்தா அவங்களுது.

செப்புக்காசு | மதியம் 2.16
திசைதான் முக்கியம். வலப்பக்கம் சுத்தினா…

யாழ்_டோர்ட்முண்ட் | மதியம் 2.31
சட்டம் கோணமானி வைச்சுப் பார்க்கிறதில்லை. எதுக்காகக் காட்டுறம் எண்டுதான் பார்க்கும். கோயில் வாசல்லை போட்ட கோலத்துக்கு ஒருத்தரும் வழக்குப் போடேல்லை. நான் 1986இலை வந்தனான், இஞ்சை அந்தச் சின்னத்தைக் கண்டு மூஞ்சை வெளிறின கிழடுகளை நேரிலை பார்த்திருக்கிறன். கல்யாணப் பத்திரிகைக் கதையை அவையளிட்டைப் போய்ச் சொல்ல ஏலாது.

மல்லிகா_எஸ் | மதியம் 3.00
ஒரு கேள்வி, சண்டைக்கு இல்லை. இந்தப் படை போலந்திலயும் ரஷ்யாவிலயும் என்ன செஞ்சதுன்னு தெரிஞ்சுமா இதையெல்லாம் அலமாரியில வைக்கிறீங்க?

ஃபெல்ட்கிராவ் | மதியம் 3.25
தெரிஞ்சுதான். தெரியாம வைக்கிறவங்களைப் பார்த்தா எனக்கும் பயம். ட்ரெஸ்டன்ல ஜெர்மன் ராணுவத்தோட அருங்காட்சியகம் இருக்கு, போங்க. பழைய ஆயுதக் கிடங்குக் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் லிபெஸ்கிண்ட் ஓர் உலோக ஆப்பால பிளந்து வெச்சிருக்கார். உள்ளே சீருடையும் இருக்கு, அது யாரை என்ன செஞ்சதுங்கிறதும் இருக்கு. அப்படித்தான் வைக்கணும். சட்டையைப் போட்டுக்கிட்டு செல்ஃபி எடுக்கிறவனோட நான் பேசறதில்லை.

மல்லிகா_எஸ் | மதியம் 3.31
சரி. ஆனா இந்த இழையில இதுவரைக்கும் விலையைத்தான் பேசியிருக்கீங்க.

ஃபெல்ட்கிராவ் | மதியம் 4.02
அது செப்புக்காசு. நான் இல்லை.

கார்த்திக்கு வருவோம். "முன்பக்கம் இலை, கீழே இன்னொரு எண்." அந்த எண் 1939ஆ? இலை மூணா? அப்படின்னா கேஸ் முடிஞ்சது. 1939 வகையில நடுவுல இலை கிடையாது, ஹாக்கன்க்ராய்ஸ், அதாவது அந்த வளைஞ்ச நாஜிச் சிலுவை இருக்கும். இலை இருந்தா அது 1957 வடிவம். அந்த வருஷம் ஜூலை 26ல மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டுச்சு: போர்க்கால விருதுகளைச் சின்னம் நீக்கின வடிவத்துல அணியலாம். ஹாக்கன்க்ராய்ஸ் இருந்த இடத்துல ஓக் இலை வந்தது அப்போதான். 57 வகையில காந்தம் ஒட்டறதும் உண்டு, ஒட்டாததும் உண்டு. அதனால உங்க காந்தம் எதையும் நிரூபிக்கலை.

ரசகுண்டு | மாலை 4.20
அப்போ அது நகல்தானே?

யாழ்_டோர்ட்முண்ட் | மாலை 4.44
நகல் எண்டு சொல்லேலாது. 45க்குப் பிறகு விருது அணியிறதையே நேச நாடுகள் தடை செய்திச்சினம். கனபேர் தங்கடை அசலைப் புதைச்சவை, எறிஞ்சவை, அமெரிக்கப் பொடியளுக்குச் சிகரெட்டுக்கு மாத்தினவை. 57க்குப் பிறகு அதே ஆக்கள் கடையிலை புதுசா ஒண்டு வாங்கிக் குத்தினவை. பாட்டியின்ரை தகப்பனும் அப்பிடித்தான் எண்டு நினைக்கிறன். ரிப்பனைச் சொல்லுங்கோ: நடுவிலை அகலமாச் சிவப்பு, ரெண்டு பக்கமும் வெள்ளை, பிறகு கறுப்பு எண்டா 1939க்கான ரிப்பன். சிவப்பே இல்லை, கறுப்பும் வெள்ளையும் மட்டும் எண்டா முதல் உலகப் போர், இல்லாட்டி அதுக்கும் முந்தினது.

ரசகுண்டு | மாலை 5.01
ரிப்பன்ல ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. முடி பொசுங்கற வாசனை வந்தா பட்டு, உருண்டையா உருகினா நைலான்.

ஃபெல்ட்கிராவ் | மாலை 5.03
பாட்டியோட அப்பாவோட ரிப்பனைக் கொளுத்தச் சொல்றார். யாராவது தடுங்க.

கார்த்தி_ப்ரெமன் | இரவு 9.15
வீட்டுக்கு வந்து பார்த்தேன். 1939தான், இலை மூணு. ரிப்பன் நடுவுல சிவப்பு.

ஒரு விஷயம் சொல்ல விட்டுட்டேன். ஊர்லேர்ந்து அம்மா வந்திருக்காங்க. சிலுவை கறுத்துப் போயிருக்குன்னு போன வாரம் புளி போட்டுத் தேய்ச்சுட்டாங்க. குத்துவிளக்கு மாதிரி. அந்த மஞ்சள் அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

ஃபெல்ட்கிராவ் | இரவு 9.17
புளியா.

ஃபெல்ட்கிராவ் | இரவு 9.18
புளி.

செப்புக்காசு | இரவு 9.30
உப்பும் சேர்த்தாங்களா?

கார்த்தி_ப்ரெமன் | இரவு 9.34
கல்லுப்பு.

யாழ்_டோர்ட்முண்ட் | இரவு 9.50
அம்மாவை ஏசாதேங்கோ. மஞ்சள் தெரியிறது வெள்ளி முலாம் போய் அடியிலை கிடக்கிற பித்தளை. அது இனித் திரும்பி வராது. நடுவிலை கறுப்புப் பூச்சு மிச்சம் இருக்கோ? இருந்தா அதிலை ஒண்டும் தொடாதேங்கோ. செய்ய வேண்டியது ஒண்டுதான்: உப்பு உள்ளுக்கை கிடந்தா அரிச்சுக்கொண்டே இருக்கும், அதாலை ரிப்பனைக் கழட்டிப்போட்டு, காய்ச்சி வடிச்ச தண்ணியிலை நனைச்ச பஞ்சாலை மெல்லத் துடைச்சு, விளிம்புக் கோட்டிலை ஈரம் நிக்காமல் நல்லாக் காய வையுங்கோ. பொலிஷ், எலுமிச்சை, பற்பசை ஒண்டும் வேண்டாம். ரிப்பனைத் தோய்க்காதேங்கோ.

ஃபெல்ட்கிராவ் | இரவு 10.26
மூச்சு வந்துடுச்சு. தோள்பட்டி பத்திச் சொல்றேன், அதுதான் உண்மையில இந்த டப்பாவுல சுவாரஸ்யமானது, யாரும் கண்டுக்கலை.

ஓர நிறம்தான் படைப்பிரிவு. வெள்ளை காலாட்படை, சிவப்பு பீரங்கி, கறுப்பு பொறியியல், எலுமிச்சை மஞ்சள் தகவல் தொடர்பு. ரோஸ்னா பன்சர், அதாவது டாங்கிப் படை, மகளிர் இல்லை. ஆனா அதுக்குள்ளேயும் ரெண்டு கூட்டம்: டாங்கிக்குள்ளே உட்கார்ந்தவங்க, டாங்கியை அடிக்கிற பீரங்கிக்காரங்க. ரெண்டு பேருக்கும் ரோஸ்தான். டாங்கிக்காரங்க கறுப்புச் சட்டை போட்டவங்க, அதனால அடித்துணி கறுப்பா கரும்பச்சையான்னு பாருங்க. பச்சைன்னாலும் முடிவுக்கு வர முடியாது, டாங்கிக்காரங்களுக்கும் பச்சைப் பட்டி போட்ட சாதாரணச் சட்டை இருந்துச்சு. அந்த உலோக எழுத்துதான் பதில். அது P மாதிரி இருந்தா டாங்கி எதிர்ப்புப் பிரிவு. பழைய ஜெர்மன் எழுத்துல இருக்கும், சட்டுனு P ஆத் தெரியாது.

வெள்ளி நாடா U மாதிரி, கை பக்கம் மூடாம திறந்து இருந்தா உண்டர்ஆஃபிட்சியர்ங்கிற கீழ்நிலைப் பதவி. நாடா நாலு பக்கமும் மூடி ஒரு நட்சத்திரம் இருந்தா ஃபெல்ட்வேபல், அதுக்கு மேல் பதவி. எழுத்தைப் படம் எடுத்துப் போடுங்க, அதுல தடை ஒண்ணுமில்லை.

யாழ்_டோர்ட்முண்ட் | இரவு 10.40
டப்பாவிலை காகிதம் ஏதும் கிடக்கோ? சோல்ட்புக் எண்ட சிப்பாயின்ரை சம்பளப் புத்தகம், வேர்பாஸ் எண்ட படைச் சேவைப் புத்தகம், விருதுச் சான்றிதழ்? சான்றிதழிலை பேரும் பிரிவும் திகதியும் இருக்கும், சிலுவையிலை ஒண்டும் இராது. இல்லாட்டி பாட்டி தானே கையெழுத்துப் போட்டு பெர்லின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதட்டும். முந்தி வாஸ்ட் எண்டு தனி அலுவலகமா இருந்தது, 2019இலை இருந்து காப்பகத்தோடை சேர்ந்திட்டுது. பேரும் பிறந்த திகதியும் போதும். பதில் வர மாதக்கணக்காகும், ஞாயிறுக்குள்ளை வராது.

ரசகுண்டு | வியாழன், காலை 8.12
இருந்தாலும் பித்தளை நடுவை எடைபோட்டுப் பாருங்க. கடற்படைன்னா…

ஃபெல்ட்கிராவ் | காலை 8.13
1957ல எந்த நீர்மூழ்கிக்கு?

கார்த்தி_ப்ரெமன் | ஞாயிறு, இரவு 11.50
முடிஞ்சுது. ஃப்ரேம் போடலை, டப்பாவிலேயே திருப்பிக் கொடுத்து, நீங்க சொன்னதையெல்லாம் சொன்னேன். பாட்டிக்குத் தெரிஞ்சிருக்கு: அசலை அவங்க அம்மா 45ல கிணத்துல போட்டுட்டாங்களாம், இது அப்பா பிறகு வாங்கினதாம். வருஷத்துக்கு ஒரு தடவை ஏதோ கூட்டத்துக்குக் குத்திட்டுப் போவாராம், வந்ததும் பேசாம உட்கார்ந்திருப்பாராம். மோந்து பார்த்து, இது என்ன வாசனைன்னு கேட்டாங்க. அம்மா ரசம் வெச்சுக் கொடுத்தாங்க. எல்லாருக்கும் நன்றி.

ஃபெல்ட்கிராவ் | திங்கள், காலை 7.30
நல்லது. அந்த எழுத்து P தானா? படம்?

ஃபெல்ட்கிராவ் | அடுத்த வியாழன், இரவு 9.05
கார்த்தி? தோள்பட்டி?

யாழ்_டோர்ட்முண்ட் | இரவு 9.20
அவர் வரமாட்டார். ரசம்தான் ஞாபகம் இருக்கும்.

புதுஉறுப்பினர்_77 | மூன்று மாதம் கழித்து
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. 1813ன்னு போட்டிருக்கு. விலை என்ன இருக்கும்?