முதல் டியூப் கிட்டார் ஆம்ப் கிட்: 5எஃப்1 போதுமா, 5இ3 வாங்கலாமா?

ஆறுதந்தி (கேள்வி)
வணக்கம். கிட் வாங்கி நானே ஒரு டியூப் கிட்டார் ஆம்ப் கட்டணும். பெடல் கிட்டுகள் சால்டர் செய்த பழக்கம் இருக்கு, மல்ட்டிமீட்டர் பார்க்கத் தெரியும். 9 வோல்ட்டுக்கு மேல் கை வைத்ததில்லை. ஃபெண்டர் ட்வீட் சாம்ப் 5எஃப்1, ட்வீட் டீலக்ஸ் 5இ3, மார்ஷல் 18 வாட், இந்த மூணுக்குள்ள குழப்பம். வாசிக்கப்போறது அடுக்குமாடி வீட்டில், 230 வோல்ட் மெயின்ஸில். 5 வாட் ரொம்பக் குறைவா? பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) கிட் சுலபமா?

ஈயப்புகை
5எஃப்1 எடுங்க. மூணே டியூப்: ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஏசியை டிசி ஆக்குற ரெக்டிஃபயருக்கு ஒரு 5ஒய்3. சிக்னல் 12ஏஎக்ஸ்7-ல் முதல் பாதி, வால்யூம், இரண்டாம் பாதி, 6வி6, அவுட்புட் டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர்னு ஒரே கோட்டில் போகும். சத்தம் எங்கே நின்னுதுன்னு தேட நாலைந்து இடம்தான். 5இ3, 18 வாட் ரெண்டும் புஷ்-புல். சிக்னலை ரெண்டா பிரிக்கிற ஸ்டேஜ் ஒண்ணு கூடுது, பவர் டியூப் ரெண்டாகுது. தப்பு நேர்ந்தா தேடுற இடமும் அந்த அளவுக்கு விரியும். மூணுமே கேத்தோட் பயஸ், அதாவது பவர் டியூபின் ஓய்வு மின்னோட்டத்தைக் கேத்தோட் முனையில் உள்ள ரெசிஸ்டரே தானா நிர்ணயிக்கும், அதனால பயஸ் சரிசெய்யும் வேலை எதிலும் இல்லை.

5 வாட்டைக் குறைவா எண்ணாதீங்க. 15 வாட்டுக்கும் அதுக்கும் வித்தியாசம் 5 டெசிபெல்கூட இல்லை. ஸ்பீக்கர் மாறினா அதைவிடக் கூடுதலா மாறும்: சாதாரண 8 இன்ச் ஸ்பீக்கரைவிட நல்ல 12 இன்ச் ஸ்பீக்கர் 6 டெசிபெல் வரைக்கும் உரக்க ஒலிக்கும். உங்க வீட்டுக்கு 8 இன்ச் போதும், பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

5எஃப்1-ல் டோன் குமிழ் கிடையாது. வேணும்னா 5எஃப்2-ஏ பிரின்ஸ்டன் பாருங்க. கிட்டத்தட்ட அதே சர்க்யூட்தான், டோன் சேர்ந்திருக்கும்.

பிசிபி வேண்டாம். ஒரே இடத்தை ரெண்டு தடவை சூடாக்கிப் பிரிச்சா செம்புத் தடம் பெயர்ந்து வரும். டரட் போர்டில் (சின்ன உலோகத் தூண்களில் சால்டர் செய்யும் பலகை) எத்தனை தடவையும் கழற்றி மாட்டலாம், ஒயரைக் கண்ணாலேயே பின்தொடரலாம்.

இரட்டைச்சுருள்
எனக்குக் கொஞ்சம் மாற்றுக்கருத்து. பெட்டி, ஸ்பீக்கர், டிரான்ஸ்பார்மர், அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்தா 5எஃப்1-க்கும் 5இ3-க்கும் நடுவில் பெரிய இடைவெளி வராது. பின்னாடி டிரம்ஸோட சேர்ந்து வாசிக்கணும்னா 5 வாட் தாங்காது, 5இ3 தாங்கும். பொறுமை உள்ளவர் நேரா அதையே கட்டலாம்.

ஈயப்புகை
டிரம்ஸ் இருந்தா ஒத்துக்கிறேன். ஆனா 9 வோல்ட்டோட நிறுத்தினவர் முதல்ல 350 வோல்ட்டைப் பத்திரமா அளந்து பழகணும். அதுக்குச் சின்ன சர்க்யூட்தான் நல்லது.

பழையவால்வு
எந்தக் கிட் ஆனாலும் ஆர்டர் போடுமுன் பவர் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி (மெயின்ஸ் இணையும் சுற்று) என்னவென்று எழுதிக் கேளுங்கள். அமெரிக்கக் கிட்டுகளில் சில 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றியவை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. 60-க்கு அளவாகச் செய்த இரும்புக் கோர் 50-ல் காந்தம் நிறைந்துபோய்ச் சூடேறும். 230 அல்லது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகப் போட்டதையே வாங்குங்கள். இரண்டுக்கும் தனித்தனி டேப் (இணைப்பு முனை) இருந்தால் உங்கள் வீட்டுச் சுவரில் மாலையில் எவ்வளவு வருகிறது என்று அளந்து, அதற்குக் கிட்டத்தில் உள்ளதில் இணையுங்கள். கட்டி முடித்ததும் டியூப்களைச் சூடாக்கும் ஹீட்டரில் 5.7-க்கும் 6.9 வோல்ட்டுக்கும் இடையில் வரவேண்டும்.

மூன்று முள் பிளக், அதன் எர்த் ஒயருக்குச் சேஸிஸில் (ஆம்பின் உலோகக் கூட்டில்) தனி போல்ட். அந்தப் போல்ட்டில் வேறெதையும் சேர்க்காதீர்கள். சுவிட்சும் ஃபியூஸும் ஃபேஸ் ஒயரில். 230 வோல்ட்டில் 1 ஆம்பியர் ஸ்லோ-புளோ போதும். 5இ3-ன் பழைய வரைபடத்தில் மெயின்ஸிலிருந்து கிரவுண்ட் சுவிட்ச் வழியாகச் சேஸிஸுக்கு ஒரு 0.05 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கும். அது இரண்டு முள் காலத்து ஏற்பாடு. ஷார்ட் ஆனால் கிட்டார் தந்தியிலேயே மெயின்ஸ் வரும். விட்டுவிடுங்கள்.

ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அணைத்த பிறகும் சார்ஜைப் பிடித்திருக்கும். முதல் ஃபில்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டரை நிரந்தரமாகப் போடுங்கள். 16, 8, 8 மைக்ரோஃபாரட் மூன்றும் அரை நிமிடத்துக்குச் சற்று மேல் பெரும்பாலும் வடிந்துவிடும். அப்படியிருந்தும் ஒவ்வொரு தடவையும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கையை விடாதீர்கள். அளக்கும்போது கருப்பு முனையைச் சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு, ஒரே கையால் அளக்க வேண்டும்.

ஈயப்புகை
முதல் தடவை ஆன் செய்யும் முறையையும் சொல்லிடறேன். ஃபேஸில் தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பு, எல்இடி கூடாது. டியூப் எதுவும் சொருகாம ஆன் செய்யுங்க. பல்பு ஒரு நொடி மின்னி மங்கணும். பிரகாசமா எரிஞ்சுக்கிட்டே இருந்தா எங்கேயோ ஷார்ட், உடனே அணைங்க. சரின்னா ஹீட்டர் வோல்ட் பாருங்க. பல்பு தொடரில் இருக்கறவரைக்கும் எல்லா வோல்ட்டும் குறைவாத்தான் காட்டும்.

அப்புறம் ஸ்பீக்கரை மாட்டிட்டு டியூப்களைச் சொருகுங்க. ஸ்பீக்கர் இல்லாம டியூப் ஆம்பை ஓட்டவே கூடாது. பாரம் இல்லாத அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் வோல்ட் எகிறி, உள்ளே தீப்பொறி தாவும்.

12ஏஎக்ஸ்7-க்கு ஒரு சுலபமான சரிபார்ப்பு இருக்கு. பிளேட், கேத்தோட் ரெண்டும் டியூப் உள்ளே மின்னோட்டம் போகும் முனைகள். பிளேட் ரெசிஸ்டர் 100 கிலோ ஓம், கேத்தோட் ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓம். கேத்தோட்டில் 1.35 வோல்ட் வந்தா 0.9 மில்லிஆம்பியர் ஓடுது, அப்போ 100 கிலோ ஓமுக்குக் குறுக்கே 90 வோல்ட் காட்டணும். ரெண்டும் பொருந்தலைன்னா தப்பான ரெசிஸ்டர் இல்லேன்னா காய்ந்த, சரியா ஒட்டாத சால்டர்.

ஆறுதந்தி
240 வோல்ட் டிரான்ஸ்பார்மரோட 5எஃப்1 வாங்கிக் கட்டி முடிச்சாச்சு. பல்பு சோதனை சரி. பல்பை எடுத்துட்டு நேரா போட்டா, டியூப் சூடானதும் ஸ்பீக்கரில் கீச்சுன்னு ஒரே அலறல். வால்யூமை முழுசா குறைச்சாலும் நிக்கலை. இன்னொண்ணு: பவர் டிரான்ஸ்பார்மரில் பச்சையில் மஞ்சள் கோடு போட்ட ஒயர் ஒண்ணு மிச்சம். எர்த்னு நினைச்சு, அதான் ஏற்கெனவே இருக்கேன்னு இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டுட்டேன்.

ஈயப்புகை
வால்யூமைக் குறைச்சும் அலறுதுன்னு சொன்னதிலேயே பாதி விடை இருக்கு. தப்பு வால்யூமுக்குப் பின்னால. ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் வழியா இரண்டாம் ஸ்டேஜின் கேத்தோட்டுக்கு வர்ற நெகட்டிவ் ஃபீட்பேக் (சிக்னலைக் குறைக்கிற மாதிரி திரும்பி வர்ற பகுதி), அவுட்புட் டிரான்ஸ்பார்மர் முனை மாறினதால பாசிட்டிவ் ஆகி, சிக்னலைக் கூட்டியிருக்கும். அணைச்சு, வடியவிட்டு, அந்த 22 கிலோ ஓமின் ஒரு காலை மட்டும் கழற்றிப் பாருங்க. அலறல் நின்னா, அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் பக்க ஒயர் ரெண்டையும் இடம் மாற்றிட்டு ரெசிஸ்டரைத் திரும்ப வைங்க. பிரைமரியில் மாற்றினாலும் அதே பலன்தான், ஆனா அங்கே 350 வோல்ட்.

பழையவால்வு
அந்தப் பச்சை-மஞ்சள் எர்த் இல்லை. மெயின்ஸ் கேபிளில்தான் அந்த நிறம் எர்த். டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில் (வெளியீட்டுச் சுற்றில்) அது 6.3 வோல்ட் ஹீட்டரின் நடு டேப். கிட்டோடு வந்த தாளில் உறுதிசெய்துகொண்டு சர்க்யூட் கிரவுண்டில் இணையுங்கள், எர்த் போல்ட்டில் வேண்டாம். அதை விட்டால் ஹீட்டர் மிதந்து, தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வரும். அதைவிடச் சற்று உயர்ந்த 100 ஹெர்ட்ஸாகக் கேட்டால் ஃபில்டர் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். நடு டேப் இல்லாத டிரான்ஸ்பார்மரில் ஹீட்டரின் இரு முனையிலிருந்தும் கிரவுண்டுக்கு ஆளுக்கொரு 100 ஓம் போடுவார்கள். உங்களுக்கு அது தேவையில்லை, இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

ஆறுதந்தி
ஒயரை மாற்றினதும் அலறல் போச்சு. நடு டேப்பை இணைச்சதும் ரீங்காரமும் அடங்கிடுச்சு. காதை ஸ்பீக்கரில் வச்சாத்தான் கேக்குது. அளவுகள்: 6வி6 பிளேட் 350 வோல்ட், கேத்தோட் 20 வோல்ட். பரவாயில்லையா?

பழையவால்வு
கேத்தோட் ரெசிஸ்டர் 470 ஓம். 20-ஐ அதால் வகுத்தால் 42.5 மில்லிஆம்பியர். அதில் டியூபின் இன்னொரு முனையான ஸ்கிரீனுக்கு இரண்டரை கழித்தால் பிளேட்டுக்கு 40. பிளேட்டுக்கும் கேத்தோட்டுக்கும் இடையே 330 வோல்ட், ஆக பிளேட்டில் வெப்பமாவது 13.2 வாட். 6வி6ஜிடியின் பழைய வரம்பு 12. இப்போது செய்யும் சில 6வி6-கள் 14 வரை தாங்கும். உங்களுடையது எந்த வகை என்று சொல்லாததால், 470-ஐ எடுத்துவிட்டு 560 ஓம், 5 வாட் போடுங்கள். கேத்தோட் 22-ஐ ஒட்டி வரும், வாட் 12-ஐ ஒட்டி இறங்கும். கேத்தோட் பைபாஸ் கெப்பாசிட்டர் 25 வோல்ட்டாக இருந்தால் அதையும் 50 வோல்ட்டாக மாற்றிவிடுங்கள், இருபத்திரண்டுக்கு இருபத்தைந்து நெருக்கம். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பிளேட் சிவக்கிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள்.