கிப்ஸ்டவுன் மரவீடு பாத்தவங்க யாராவது இருக்கீங்களா?

ஜெர்சிக்காரி:
தெற்கு நியூஜெர்சில க்ளாஸ்டர் கவுண்ட்டில கிப்ஸ்டவுன்னு ஒரு சின்ன ஊரு, அங்க நோத்னேகிள் லாக் ஹவுஸ்னு ஒரு மரவீடு இருக்கு. வருஷக்கணக்கா 295 நெடுஞ்சாலைல அந்த ஊரத் தாண்டித்தான் போய்ட்டு வந்துட்டிருந்தேன், ஒருநாள்கூட இறங்கிப் பாக்கத் தோணல. சில வருஷம் முன்னாடி அப்பா ஊர்லேர்ந்து வந்திருந்தப்ப கூட்டிட்டுப் போனேன். அப்போ அது தனியார் வீடு, முன்னாடியே சொல்லிட்டுத்தான் போகணும்.

பழைய பகுதி மொத்தமே 16க்கு 22 அடி, ஒரே ரூம். ஒட்டி நிக்குற பெரிய வீடு பின்னாடி வந்தவங்க சேத்தது. அப்பா தச்சு வேலை பாத்தவர், உள்ள போனதும் நேரா மூலைக்குத்தான் போனாரு. ஓக் மரத்த சதுரமா செதுக்கி, மூலையில ஒண்ண ஒண்ணு கவ்விக்கிற மாதிரி வெட்டி அடுக்கியிருக்காங்க, அந்த இணைப்புக்கு ஆணியே கிடையாது. அப்பா அந்த இடத்த விரலால தடவிக்கிட்டே ரொம்ப நேரம் பேசாம நின்னாரு, அப்புறம் "கோடாலியிலயே இவ்ளோ சுத்தமா வெட்டியிருக்கானேம்மா"ன்னாரு. கணப்பும் ரூமோட மூலையிலதான், அது ஸ்வீடன், ஃபின்லாந்து பழக்கம்.

1638ல கல்மார் நிக்கெல், ஃபோகெல் க்ரிப்னு ரெண்டு கப்பல்ல ஸ்வீடன்காரங்க டெலவேர் ஆத்துக்குள்ள வந்து, இப்ப வில்மிங்டன் இருக்குற இடத்துல கிறிஸ்டினா கோட்டைய கட்டினாங்க. மண்ணு லெனாபேங்கிற பூர்வகுடி மக்களோடது. பின்னாடி குடியேறினவங்கள்ல ஃபின்லாந்துக்காரங்க நிறைய, காட்ட எரிச்சு விவசாயம் பண்ணிப் பழகினவங்க, அதனால மரத்த அடுக்கி வீடு கட்டுறது அவங்களுக்குக் கைவந்த வேலை. இங்கிலாந்துலேர்ந்து வந்தவங்களுக்கு அந்தப் பழக்கமே இல்ல. இன்னிக்கு அமெரிக்கான்னாலே படத்துல போடுற மரவீடு இப்படி ஆத்தோரமா வந்து இறங்கினவங்க கையோட கொண்டுவந்ததுன்னு எனக்கு அங்க நின்னப்பதான் உறைச்சுது. 1655ல இந்த இடத்த டச்சுக்காரங்க பிடிச்சாங்க, 1664ல இங்கிலீஷ்காரங்க, 1686ல க்ளாஸ்டர் கவுண்ட்டி உருவாச்சு. வீடு 1638லேர்ந்து 1643க்குள்ள கட்டினதுன்னு சொல்றாங்க, அத ஒத்துக்காத ஆய்வாளர்களும் இருக்காங்க. எனக்கு அந்த மூலை இணைப்பே போதும்.

செர்ரிஹில் அண்ணாச்சி:
தங்கச்சி, நல்லா எழுதியிருக்கீங்க. நம்ம செர்ரிஹில்லும் 1844 வரைக்கும் க்ளாஸ்டர்தான், அப்புறம்தான் கேம்டன் கவுண்ட்டி தனியாப் பிரிஞ்சுது. நீங்க ஸ்வீட்ஸ்பரோவும் போங்க, முன்னாடி ராக்கூன்னு பேரு. அங்க டிரினிட்டி சர்ச் கல்லறைத் தோட்டத்துல இன்னொரு மரவீடு நிக்குது, வேற இடத்துலேர்ந்து கொண்டுவந்து வெச்சது. செடிகளுக்கு விஞ்ஞானப் பேர் வைக்கிற முறைய கொண்டுவந்த லின்னேயஸோட மாணவர் பெஹ்ர் கால்ம், செடி சேகரிக்க அமெரிக்கா வந்தப்ப ராக்கூன்லதான் தங்கினாரு, பாதிரியார் இல்லாத ஊருன்னு பிரசங்கமும் பண்ணியிருக்காரு, இறந்துபோன பாதிரியாரோட மனைவியையே 1750ல கல்யாணமும் பண்ணிக்கிட்டாரு. கால்மியான்னு ஒரு பூச்செடி இருக்கே, அது அவர் பேருதான். மே கடைசி, ஜூன்ல காட்டுக்குள்ள பூத்துக் கிடக்கும், பாக்கவே மனசு நிறைஞ்சிடும்.

ஆத்தோரத்தான்:
நேஷனல் பார்க்னு ஊர் பேரு, அங்க ரெட் பேங்க் போர்க்களத்துக்கு நான் அடிக்கடி நடக்கப் போவேன். அமெரிக்க சுதந்திரப் போர்ல, 1777 அக்டோபர் 22ல ஹெஸ்ஸியன் படை, அதாவது பிரிட்டிஷ்காரங்க கூலிக்கு எடுத்த ஜெர்மன் சிப்பாய்ங்க, அங்க இருந்த அமெரிக்கர்களோட மெர்சர் கோட்டையத் தாக்கித் தோத்துப்போச்சு, அவங்க தளபதி டோனாப் அடிபட்டு அப்புறம் செத்தாரு. பக்கத்துல 1748ல கட்டின, விட்டால்ங்கிற குடும்பத்தோட செங்கல் வீடு. சண்டை நடக்குறப்ப அந்த வீட்டம்மா ஆன் விட்டால் ராட்டை சுத்திக்கிட்டே இருந்தாங்க, குண்டு வீட்டுக்குள்ள வந்ததும் ராட்டையத் தூக்கிக்கிட்டு கீழ நிலவறைக்குப் போனாங்கன்னு சொல்வாங்க. அடிபட்ட சிப்பாய்ங்களுக்கு அவங்க வீடுதான் ஆஸ்பத்திரி ஆச்சு.

ஜெர்சிக்காரி:
அண்ணாச்சி, ரொம்ப நன்றி. அப்பா வர்ற மே மாசம் மறுபடி வர்றாரு, ஸ்வீட்ஸ்பரோ வீட்டோட மூலைய அவர்கிட்ட காட்டணும்.