ரூட் வால்யூமை மாற்றியபின் சர்வர் எழாத அனுபவங்கள்

எங்கள் அலுவலக என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) ஸ்டோரேஜ் சர்வரில் ஓடுவது டெபியன் லினக்ஸ். டேட்டா டிஸ்க்குகள் நலம். ரூட் (இயங்குதளம் இருக்கும் வால்யூம்) இருந்த பழைய சாட்டா டிஸ்க்தான் கெட்ட செக்டர்களைக் காட்டத் தொடங்கியது. ரூட்டை மட்டும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாற்றினோம். ஆர்சிங்க்கில் (கோப்பு கோப்பாக நகலெடுக்கும் கருவி) நகல், எஃப்எஸ்டேபில் (மவுண்ட் பட்டியல்) புது யூயூஐடி (வால்யூமின் அடையாள எண்), சீரூட்டில் (புது ரூட்டுக்குள் நுழைந்து வேலை செய்வது) போய் கிரப் (பூட் லோடர்) நிறுவல், எல்லாம் முடிந்தது. ரீபூட் செய்தால் கிரப் மெனு வருகிறது, கர்னல் ஏறுகிறது, அப்புறம் 'அந்த யூயூஐடி இல்லை' என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் மவுண்ட் ஆகும்வரை கர்னல் பயன்படுத்தும் சிறு தற்காலிகக் கோப்பு முறைமை) ஷெல்லில் நின்றுவிடுகிறது.

யூயூஐடி சரியாகத்தான் இருந்தது. அந்த ஷெல்லில் பார்ட்டிஷன் பட்டியலைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது: சாட்டா டிஸ்க்குகள் எல்லாம் தெரிகின்றன, என்விஎம்இ மட்டும் இல்லவே இல்லை. கிரப்புக்குத் தெரிந்த டிஸ்க் கர்னலுக்கு எப்படித் தெரியாமல் போகும்? கிரப் டிஸ்க்கைப் படிப்பது யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் வழியாக. கர்னல் பொறுப்பேற்றதும் அந்த உதவி கிடையாது, சொந்த டிரைவர் வேண்டும். இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அது இல்லை.

காரணம் ஒரே வரி. இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் 'மாட்யூல்ஸ்' என்பதற்கு டெபியன் தரும் மதிப்பு 'மோஸ்ட்'. இந்த மெஷினில் அது 'டெப்' என்று இருந்தது. அப்படி வைத்தால், இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் நேரத்தில் ரூட் எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அதற்கு வேண்டிய டிரைவர்கள் மட்டுமே உள்ளே போகும். பழைய டிஸ்க்குக்காகச் செய்த இனிட்ராம்எஃப்எஸ்ஸை ஆர்சிங்க் அப்படியே கொண்டுவந்திருந்தது. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, சீரூட் போய், 'மோஸ்ட்' என்று மாற்றி, எல்லாக் கர்னல்களுக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கியதும் சர்வர் எழுந்தது. ரீபூட்டுக்கு முன்பே உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு என்விஎம்இ மாட்யூல் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

*

அண்ணா, எங்களுக்கு நேர் எதிர். டிடியில் (டிஸ்க்கை அப்படியே பிளாக் பிளாக்காக நகலெடுக்கும் கருவி) குளோன் செய்தோம், சர்வர் அழகாக எழுந்தது. ஆனால் ஃபைண்ட்மவுண்ட் கொடுத்துப் பார்த்தால் ரூட் இன்னும் பழைய டிஸ்க்கிலேயே! இரண்டுக்கும் ஒரே யூயூஐடி, அதனால் எது கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டது. எழுதுவதெல்லாம் பழைய டிஸ்க்கில் போய்க்கொண்டிருந்தது. இது பூட் ஆகாமல் நிற்பதைவிட ஆபத்து என்பேன். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் ஒன்று மவுண்ட் ஆகியிருக்கும்போது அதே யூயூஐடி உள்ள இரண்டாவதை மவுண்ட் செய்ய மறுக்கும், இஎக்ஸ்டி4 ஒன்றும் சொல்லாது. குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு பூட் செய்யுங்கள்.

*

ஆனாலும் தம்பி, டிடிக்கு ஒரு நன்மை உண்டு. எங்கள் சர்வரில் எக்ஸ்போர்ட் செய்த (கிளையன்ட்களுக்குப் பகிர்ந்த) ஒரு ஃபோல்டர் ரூட் வால்யூமிலேயே இருந்தது. ஆர்சிங்க்கில் மாற்றியதும் கிளையன்ட்கள் எல்லாம் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்று கத்தின. எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் எஃப்எஸ்ஐடியை (பகிரும் வால்யூமின் அடையாள எண்) நிலையாக வைத்திருந்தும் பயனில்லை. ஹேண்டிலுக்குள் (கோப்பைக் குறிக்க கிளையன்ட் வைத்திருக்கும் அடையாளம்) ஐநோடு எண்ணும் (ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு கோப்புக்கும் தரும் எண்) இருக்கிறது, ஆர்சிங்க் புதுக் கோப்புகளை எழுதும்போது அது மாறிவிடும். ஒவ்வொரு கிளையன்ட்டிலும் அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்தோம். டிடி ஐநோடுகளை அப்படியே வைத்திருக்கும். ஆர்சிங்க்தான் என்றால், முதலில் கிளையன்ட்களில் அந்த ஃபோல்டரை அன்மவுண்ட் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.